கீழக்கரையில் கேட்ட 'ஐ ஷுட் கோகோ'

இங்கிலாந்து ராக் இசைக்குழுவான சூப்பர்கிராஸின் முதல் ஆல்பமான 'ஐ ஷுட் கோகோ' பற்றிய கட்டுரையைப் படித்ததும் 1996 கோடை விடுமுறைக்கே போய்விட்டேன். எனக்கு ஊர் கீழக்கரை. துபாயிலிருந்து வந்த மச்சான் கொடுத்த கேசட் அது. கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். கரையேற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் நானும் சேக்காளியும் ஒரே வாக்மேனை ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்போம். 'ஆல்ரைட்' பாட்டில் பியானோ தடதடவென்று தொடங்கும் பாருங்கள், அப்படியொரு சந்தோஷம்! வரிகள் பாதி புரியாது. பாடுவது நம் வயசுப் பையன் என்பது மட்டும் புரிந்துவிடும். 1995 மே மாதம் ஆல்பம் வந்தபோது குழுவின் பாடகர் காஸ் கூம்ப்ஸுக்கு வயது 19தான்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: இதைப் பதிவு செய்த சாமில்ஸ் ஸ்டுடியோ, இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஃபோவி ஆற்றங்கரையில் இருந்தது. படகில் போக வேண்டும், இல்லையென்றால் தண்டவாளத்தை ஒட்டி நடக்க வேண்டும். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டுகள் இன்னும் நெருக்கமாகிவிட்டன.

எல்லோரும் 'ஆல்ரைட்' பற்றியே பேசுகிறார்கள். 'டைம்' பாட்டை ராத்திரியில், அலைச்சத்தத்தோடு கேட்டுப் பாருங்கள்.

கேசட் நாடா ஒருமுறை சிக்கி அறுந்தது. ஒட்டிய பிறகு 'லென்னி' பாட்டின் நடுவில் ஒரு குதி குதிக்கும். இப்போது போனில் கேட்டாலும் அந்த இடம் வரும்போது காது காத்திருக்கிறது.