மாதர் பக்கத்துக்கு வன்னிக்குள்ள இருந்து ஒரு ஆசிரியை வேணும்

பேப்பரில வாற மாதர் பக்கம் எண்டால் குழம்பு வைக்கிறதும் முகத்துக்கு மஞ்சள் பூசுறதும் தானே எண்டு கதைக்கிற ஆக்களோட எனக்கு ஒருநாளும் ஒத்துவராது. அந்தப் பக்கத்துக்குப் பின்னால ஒரு மனுசி இருந்தவ. வாற கடிதமெல்லாம் பிரிச்சு வாசிச்சு, எதைப் போடுறது எதை விடுறது எண்டு முடிவெடுத்தவ. அவையளைப் பற்றித்தான் ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

இங்கிலாந்தில கார்டியன் பேப்பரில 1922லயே மட்லின் லின்ஃபோர்ட் எண்டவ பெண்கள் பக்கத்தைத் தொடங்கிட்டா. 1957ல இருந்து 1972 மட்டும் அதை நடத்தினவ மேரி ஸ்டொட். அதுக்கு முதல் வேற ஒரு பேப்பரில உதவி ஆசிரியையா நல்லா வேலை செய்துகொண்டிருந்தவவை, அடுத்த பதவி ஆம்பிளையளுக்குத்தான் போகோணும் எண்டு சொல்லி வெளியால அனுப்பினவை. அப்பிடி அனுப்பின மனுசிதான் பிறகு என்ன செய்தா எண்டு பாருங்கோ. 1960ல, குழந்தைப்பிள்ளையளோட வீட்டுக்குள்ள அடைஞ்சு கதைக்க ஆளில்லாமல் இருக்கிற பொம்பிளையள் ஒருத்தரை ஒருத்தர் தொடர்பு கொள்ள ஒரு பெயர்ப்பதிவு இருந்தால் நல்லம் எண்டு ஒரு வாசகி கடிதம் எழுதினா, அதை மேரி ஸ்டொட் தன்ர பக்கத்தில போட்ட கையோட கடிதம் கடிதமா வந்து குவிஞ்சு, நாடு முழுக்கப் பரவின ஒரு அமைப்பா மாறிட்டுது. அடுத்த வருசம் பெல் டுடாயேவ் எண்ட தாய், பாலர் பாடசாலை இல்லாத இடத்தில தாய்மாரே சேர்ந்து நடத்தலாம் எண்டு எழுத, அதில இருந்து பெரிய இயக்கமே வந்தது. ரெண்டுக்கும் முதல் ஒரு கடிதம், அந்தக் கடிதத்தைக் குப்பையில போடாத ஒரு ஆசிரியை.

அமெரிக்காவிலயும் இதே கதைதான். டலஸ் டைம்ஸ் ஹெரால்ட் பேப்பரில விவியன் காசில்பெரி 1956ல இருந்து பெண்கள் பக்க ஆசிரியை, புருசன் அடிக்கிறது, பிள்ளையளைக் கொடுமைப்படுத்துறது எண்டு மற்றப் பக்கக்காரர் தொடாத விசயங்களை எழுதுவிச்சா. பிறகு 1969ல வோசிங்டன் போஸ்ட் தன்ர பெண்கள் பகுதியை எடுத்துப்போட்டு ‘ஸ்டைல்’ எண்டு பேர் மாத்த, மற்றப் பேப்பருகளும் ஒவ்வொண்டா அப்பிடியே மாத்திச்சுது. எல்லாரும் சமம், தனிப்பக்கம் எதுக்கு எண்டு சொன்னவை. கேக்க வடிவாத்தான் இருந்தது, ஆனா கதிரையை இழந்தது ஆர்? வருசக்கணக்கா அந்தப் பக்கத்தை நடத்தின பொம்பிளையள்தான். பெண்கள் பக்க ஆசிரியையா இருந்த மார்ஜ் பாக்ஸன் எண்டவவையும் பதவி இறக்கினவை. அவ சோர்ந்து போகேல்லை, 1987ல 50,000 டொலர் குடுத்து மிசூரி பல்கலைக்கழகத்தில ஊடகப் பெண்களின்ர ஆவணங்களைச் சேர்த்து வைக்க வழி செய்தா. அதால தான் அவையளின்ர கதை இண்டைக்கு எங்கள் மட்டும் வந்திருக்குது.

எங்கட பக்கம் ஒண்டும் குறைஞ்சதில்லை. யாழ்ப்பாணத்தில 1923லயே மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ்மகள்’ எண்டு பத்திரிகை நடத்தினவ. 1962ல வீரகேசரிப் பேப்பருக்குப் போன அன்னலட்சுமி இராஜதுரை, ‘யாழ் நங்கை’ எண்ட பேரில எழுதினவ, பிறகு கலைக்கேசரி சஞ்சிகைக்கு ஆசிரியையா இருந்தவ. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? வன்னியில பரந்தன் குமரபுரத்தில இருந்து எழுத்தாளர் தாமரைச்செல்வி அக்கா எழுதி எழுதி அனுப்பினதாலதான் வன்னி வயலுக்க நிக்கிற பொம்பிளையும் கதையில வரலாம் எண்டு கொழும்புக்காரருக்கே தெரிஞ்சுது. எழுதுற கை எங்களிட்ட எப்பவும் இருந்தது, அதை வாங்கிப் போடுற மேசைதான் எப்பவும் தூரத்தில இருந்தது, கொழும்பில, இல்லாட்டி யாழ்ப்பாணத்தில.

இப்ப பாருங்கோ. எத்தினை இணையத்தளம், எத்தினை பேப்பர், ஆனா மகளிர் எண்டு திறந்தால் எங்கயோ இருந்து கொப்பி பண்ணின அழகுக்குறிப்பு. கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடி 2017 பெப்ரவரி 20ல இருந்து தாய்மார் போராட வெளிக்கிட்டவை, அவையளின்ர படம் வருசத்துக்கு ஒருக்கா வருது, அவையள் சாப்பாட்டுக்கு என்ன செய்யினம், காணி உறுதி ஆரின்ர பேரில கிடக்குது எண்டு கேக்க ஆளில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத குடும்பங்களுக்கு ஆளைக் காணேல்லை எண்டு ஒரு சான்றிதழ் குடுக்கலாம் எண்டு 2016ல சட்டம் திருத்தினவை, அதை ஆதாரமா வைச்சுச் சொத்து விசயம் பார்க்கலாம். எங்கட ஒழுங்கையில இருக்கிற அக்காமாரிட்ட கேட்டால் அரைவாசிப் பேருக்கு அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது. கிழமைக்குக் கிழமை கட்டுற சின்னக் கடன், அந்த நுண்கடனும் அப்பிடித்தான். 2018ல வறட்சி மாவட்டங்களில ஒரு லட்சத்துக்குட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்யிற திட்டம் வந்தது, ஆருக்குப் பொருந்தும் ஆருக்குப் பொருந்தாது எண்டு எங்கட சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுத ஒரு மாதர் பக்கம் இருந்திருந்தால், கிழமைக்காசு கட்ட ஏலாமல் படலையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருந்த தங்கச்சிமாருக்கு அது எவ்வளவு உதவியா இருந்திருக்கும்.

அதால பேப்பர் நடத்துற அண்ணைமாரிட்ட நேரவே கேக்கிறன். கிழமைக்கு ஒரு பக்கம் தாங்கோ. அதுக்கு ஆசிரியை முல்லைத்தீவிலயோ கிளிநொச்சியிலயோ இருக்கிற ஒருத்தியா இருக்கட்டும், ஓசியில செய்யச் சொல்லாமல் சம்பளம் குடுங்கோ, எதைப் போடுறது எண்ட முடிவை அவளிட்டயே விடுங்கோ. கடிதம் எழுத எங்கட அம்மாமாருக்கு நேரமில்லை, வட்சப்பில குரல்பதிவு அனுப்ப ஒரு நம்பர் போடுங்கோ. சமையல் குறிப்பும் போடலாம், அதை நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அந்தச் சான்றிதழ் எடுக்கிற விபரத்தோட முதல் கிழமையே தொடங்கலாம், எழுத விருப்பமுள்ள பிள்ளையள் இஞ்ச நிறையப் பேர் இருக்கினம்.