கோபம் சரி, இடம் பிழை

காசாவில் பிள்ளைகள் சாகும்போது மட்ச் பார்த்துக் கைதட்ட வெட்கமில்லையா என்று நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் கேட்கிறார். கோபம் நியாயமானது. ஆனால் அது பாய்கிற இடம் பிழை.

1996 மார்ச்சில் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது வடக்கு கிழக்கில் சண்டை ஓயவில்லை. திருகோணமலையில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. அப்பா பேட்டரி ரேடியோவைக் காதோடு வைத்து அரவிந்த டி சில்வாவின் சதத்தைக் கேட்டார். அதற்காக அடுத்த ஒழுங்கைச் செத்தவீட்டை அவர் மறக்கவில்லை.

சுனாமி எங்கள் கரையை அள்ளிப்போன பிறகு, 2005 ஜனவரி 10இல் மெல்பேர்னில் உலக அணியும் ஆசிய அணியும் ஆடிய ஆட்டத்தின் வசூல் நிவாரணத்துக்குத்தான் போனது. அதை ரசித்தவர்களும் கல்நெஞ்சரா?

எனக்குப் பொறுக்காதது வேறு. பலஸ்தீனக் கால்பந்து வீரர் சுலைமான் அல்-ஒபைத், 2025 ஆகஸ்டில் உதவிப் பொருளுக்குக் காத்திருந்தபோது கொல்லப்பட்டார் என்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அஞ்சலி போட்டது. எப்படி இறந்தார் என்று ஒரு சொல் இல்லை. எகிப்தியக் கால்பந்து வீரர் முகமது சலாதான் அதைப் பகிரங்கமாகக் கேட்டார். கட்டுரையாளரே, விளையாட்டை நடத்துகிறவர்களிடம் நீங்களும் அதைக் கேளுங்கள். பின்னேரம் திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் பந்து உதைக்கிற பெடியன்களிடம் கேட்காதீர்கள்.