கட்டானில் தொடங்க வேண்டாம்

பலகை விளையாட்டுகளுக்குப் புதிதாக வரும் நண்பர்களுக்குக் கட்டான் என்ற விளையாட்டுதான் சரியான தொடக்கம் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1995இல் வந்த அந்த விளையாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, பேரம் பேசும் சுகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முதல் இரண்டு குடியிருப்புகளை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. பகடையில் அடிக்கடி விழும் 6, 8 எண்கள் பக்கம் இடம் பிடித்தவருக்குச் சரக்கு வந்துகொண்டே இருக்கும், 2, 12 பக்கம் மாட்டியவர் (இரண்டு பகடையில் அவை ஒவ்வொன்றும் விழ 36இல் ஒரு வாய்ப்புதான்) வெறுமனே உட்கார்ந்திருப்பார். அப்புறம் அவர் அடுத்த முறை எப்படி வருவார்?

டிக்கெட் டு ரைட் என்ற ரயில் பாதை விளையாட்டில் அந்தச் சிக்கல் இல்லை. தன் முறை வந்தால் சீட்டு எடுக்கலாம், பாதை பிடிக்கலாம், ஏதாவது ஒன்று நடக்கும்.

பாண்டெமிக் விளையாட்டில் எல்லோரும் சேர்ந்து ஜெயிப்பது அருமைதான், சரி, ஆனால் விவரம் தெரிந்த ஒருவரே எல்லோருடைய நகர்வையும் தீர்மானித்துவிடுகிறார். அப்படி ஒருவர் குழுவில் இருந்தால் ஹனாபி என்ற சீட்டு விளையாட்டை எடுங்கள். அதில் தன் கையில் இருக்கும் சீட்டு தனக்கே தெரியாது, மற்றவர்கள் தரும் குறிப்பை நம்பித்தான் ஆட வேண்டும், குறிப்புக்கும் அளவு உண்டு.