கலிவர் வேறு, ஸ்விஃப்ட் வேறு

‘மனுஷன்னாலே இப்படித்தான், திருந்தவே மாட்டான்’ என்று சலித்துக்கொள்கிறவர்கள் சாட்சிக்கு இழுக்கும் நாவல் ஒன்று உண்டு. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-ல் வெளியிட்ட கலிவரின் பயணங்கள். நம்மில் பலர் லில்லிபுட் குள்ளர்களோடு நிறுத்திக்கொண்டோம். காரம் எல்லாம் நாலாம் பாகத்தில் இருக்கிறது.

அங்கே ஆள்வது குதிரைகள். பொய் சொல்லத் தெரியாது, எல்லாமே அறிவின்படிதான். அவற்றுக்கு வண்டி இழுப்பவை யாஹூக்கள். பளபளப்பான கற்களைத் தோண்டி எடுத்துப் பதுக்கிவைத்து, அதற்காக அடித்துக்கொள்ளும் நாற்றம் பிடித்த ஜந்துக்கள். உருவம் மட்டும் அப்படியே மனித உருவம். தானும் சட்டை போட்ட யாஹூதான் என்று, கதையைச் சொல்லும் கலிவருக்கு மெல்ல உறைக்கிறது.

நாவலாசிரியர் தாக்கரே 1851-ல் லண்டனில் ஆற்றிய உரையில், கடைசிப் பாகத்தை இதுவரை படிக்காதவர்கள் படிக்கவே வேண்டாம் என்றார். அவர் அருவருத்து ஒதுக்கினார், சரி. ‘பார்த்தீர்களா, அப்போதே சொல்லிவிட்டார்’ என்று திருப்தியோடு தலையாட்டுகிறார்களே, அவர்களோடுதான் எனக்குச் சண்டை.

ஸ்விஃப்ட் மனிதனைத் தூக்கிப் பிடித்தார் என்று சொல்ல வரவில்லை. மனிதன் பகுத்தறிவுள்ள விலங்கு என்பது பொய், பகுத்தறிய முடிந்த விலங்கு, அவ்வளவுதான் என்று 1725-ல் நண்பரான கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு எழுதியவர் அவர். மனிதன் என்கிற அந்த விலங்கை வெறுக்கிறேன், ஆனால் ஜானையும் பீட்டரையும் தாமஸையும் மனசார நேசிக்கிறேன் என்பதும் அதே கடிதத்தில்தான் வருகிறது. இந்தப் பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை.

சரி, நாவலுக்கு வருவோம். அந்த உத்தமக் குதிரைகள் தங்கள் நாட்டில் நடத்தும் ஒரே விவாதம், யாஹூக்களைப் பூண்டோடு அழிக்கலாமா என்பது. கலிவரையும் வெளியேற்றச் சொல்லிவிடுகிறார்கள். அவன் அழுதுகொண்டே படகு கட்டுகிறான். படகின் மேல் போர்த்தியது யாஹூத் தோல். இடுக்குகளை அடைத்தது யாஹூக் கொழுப்பு. பாய்க்கும் யாஹூத் தோல்தான். வயசான தோல் தடிமனாக இருக்கும் என்று, கிடைத்ததிலேயே இளசாகப் பார்த்து எடுத்ததாகச் சாவகாசமாகச் சொல்கிறான். இவையெல்லாம் தன் இனம் என்று ஒப்புக்கொண்டவன் சொல்லும் பேச்சு இது. யாஹூக்கள் செய்ததாகச் சொல்லப்படும் எதுவும் என்னை இந்த அளவுக்கு உலுக்கவில்லை.

அப்புறம் பெத்ரோ வருகிறார். கடலில் அவனைக் கண்டெடுக்கும் போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர். கலிவர் கடலில் குதித்துத் தப்பப் பார்க்கிறான், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் நல்ல உடுப்பைக் கொடுக்கிறார். இவனோ துவைத்த சட்டை இரண்டு மட்டும் போதும் என்கிறான், தீட்டுப்படுமாம். லிஸ்பனில் தன் வீட்டிலேயே தங்கவைத்து, ‘பெண்டாட்டி பிள்ளைகளிடம் போ’ என்று எடுத்துச் சொல்லி, 20 பவுண்டும் கடன் தந்து கப்பலேற்றுகிறார். விடைபெறும்போது அவர் கட்டித் தழுவியதைக் கலிவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறான்.

வீட்டில் மனைவி முத்தமிட்டதும் மயங்கி விழுகிறான். ஐந்து வருஷம் கழித்தும் அவளோ பிள்ளைகளோ அவன் ரொட்டியைத் தொடக்கூடாது, அவன் கோப்பையில் குடிக்கக்கூடாது. (ரெட்டை டம்ளர் தெரிந்த நமக்கு இந்த வரி வேறு மாதிரி கேட்கும்.) அப்புறம் பெரிய மனசு பண்ணி, நீள மேசையின் மறுகோடியில் அவள் உட்கார்ந்து சாப்பிட அனுமதிக்கிறான், தன் மூக்கில் புகையிலை அடைத்துக்கொண்டு! தொழுவத்தில் வாங்கிக் கட்டியிருக்கும் இரண்டு குதிரைகளோடு மட்டும் தினம் நாலு மணி நேரம் பேச்சு.

இந்த ஆளின் வாய்மொழியைத்தான் ஸ்விஃப்டின் தீர்ப்பு என்று நீட்டுகிறார்கள். ஸ்விஃப்ட் என்ன செய்தார் என்றால், அயர்லாந்தின் தலையில் இங்கிலாந்து கட்டப் பார்த்த செப்புக் காசுக்கு எதிராக 1724-ல் அந்த மக்களுக்காகப் புனைபெயரில் எழுதினார். தன் சொத்தை டப்ளினில் மனநோயாளிகளுக்கு மருத்துவமனை கட்ட எழுதிவைத்தார். மனித குலத்தைக் கைகழுவியவர் செய்கிற வேலையா இது?

நாவலுக்குள்ளேயும் அவருக்கு வேறு வழி இருந்தது. கலிவரை அந்தத் தீவில் இறக்கிவிட்டதே கலகம் செய்த அவனுடைய மாலுமிகள்தான். மனிதரெல்லாம் யாஹூ என்று காட்டுவது மட்டுமே நோக்கமென்றால், திரும்பும் வழியிலும் அப்படி ஒரு கும்பலிடமே மாட்டவைத்திருக்கலாம். வேலை மெனக்கெட்டு பெத்ரோவை அனுப்பியிருக்கிறார்.