எல்லாம் கேஸ்தான்

என் பெரியம்மா மகளுக்கு 43 வயது. போன ஆடியில் ஒரு காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஏறி மிதிக்கிற மாதிரி இருக்கிறது, தாடை வரைக்கும் இழுக்கிறது, குமட்டுகிறது என்றாள். மாமியார் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அக்கா அதைக் குடித்துவிட்டு எழுந்து, மிச்சமிருந்த ஒரு ஈட்டையும் ஊற்றி எடுத்தாள்.

சாயங்காலம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "வீட்டில் ஏதாவது டென்ஷனாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இசிஜி எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, இரவு ஒரு மணிக்கு, நைட்டி தொப்பலாக நனைகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டி, 108-ல் போய்ச் சேர்ந்தாள். மாரடைப்பு. பிழைத்துவிட்டாள்.

அப்புறம் சொந்தக்காரர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பத் தொடங்கினார்கள்: "பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலி வராது." எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வரும். அக்காவுக்கு வந்தது. அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 18 முதல் 55 வயது வரையிலான ஏறக்குறைய 3,000 பேரிடம் விசாரித்த 'விர்கோ' ஆய்வின் முடிவுகள் 2018-ல் வந்தன. நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்ததாகச் சொன்னவர்கள் பெண்களில் 87 சதவீதம், ஆண்களில் கிட்டத்தட்ட 90. பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் பெண்களுக்குக் கூடவே குமட்டல், மூச்சுமுட்டல், தாடை வலி என்று நாலும் சேர்ந்து வருவது கொஞ்சம் அதிகம். கேட்கிறவர்கள் நெஞ்சை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். மாரடைப்புக்கு முன்பே அதே மாதிரியான தொந்தரவுக்காக டாக்டரைப் பார்த்த பெண்களில் 53 சதவீதம் பேர், இது இதயக் கோளாறாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை என்றார்கள். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 சதவீதம்.

இந்த வயதில் மாரடைப்பு ஆண்களுக்குத்தான் அதிகம், சரி. அதனாலேயே ஒரு பெண் வந்து நின்றால் சந்தேகமே எழுவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு இறப்பது? 50 வயதுக்குக் கீழ் உள்ள பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று 1999-லேயே அமெரிக்காவில் கணக்கெடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாத பெண்ணுக்கும் இதயத்தின் ரத்தக்குழாய் உட்சுவர் தானாகக் கிழிந்து அடைத்துக்கொள்ளலாம். இப்படி ஆகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பிரசவமான சில வாரங்களில்கூட வரும். பச்சை உடம்புக்காரி நெஞ்சு வலிக்கிறது என்றால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கர்ப்பத்தில் பிரஷரோ சர்க்கரையோ ஏறியிருந்தால் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடும். அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் எகிறிக் கடைசி மாதம் முழுக்கப் படுக்கையில் இருந்தாள். அன்று சாயங்காலம் அதை யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லுங்கள். "இசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம் டாக்டர்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் இசிஜி சரியாக இருந்து வலி நிற்காவிட்டால், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அதுவரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.