மாத ஊசி என்றாலே கட்டாயம் என்பது தவறு

மனநோய்க்குத் தினசரி மாத்திரைக்குப் பதிலாகப் போடும், வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசியைத்தான் மாத ஊசி என்கிறோம். அதைப் பற்றி, 'மாத்திரை சாப்பிட மறுக்கிறவர்களை அடக்கத்தான் மாத ஊசி, எந்த நோயாளியும் அதை விரும்புவதில்லை' என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை உருவாக்கும் நைஸ் அமைப்பு 2014ல் வெளியிட்ட மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வழிகாட்டியிலேயே, நோயின் தீவிரம் தணிந்தபின் ஊசியை விரும்புகிறவர்களுக்கு அதைத் தரலாம் என்று இருக்கிறது. பலருக்கு என்ன நிம்மதி என்றால், தினம் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா தண்ணீர் டம்ளரோடு வந்து நின்று 'போட்டாச்சா, வாயைத் திற பார்ப்போம்' என்று கேட்கும் சங்கடம் ஒழிகிறது. மருந்து ஹாலோபெரிடால் டெக்கனோயேட் என்றால் பொதுவாக 4 வாரத்துக்கு ஒரு ஊசி, பாலிபெரிடோன் என்ற இன்னொரு மருந்தில் 3 மாதத்துக்கு ஒன்று போடும் வகையும் உண்டு.

அதற்காக எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். புட்டத்தில் போட்டுக்கொள்ளக் கூசுகிறவர்கள் உண்டு (சில மருந்துகளைத் தோளிலும் போடலாம், கேட்டுப் பாருங்கள்). பெரிய பயம் வேறு: மாத்திரையால் கை நடுக்கமோ ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்போ வந்தால் டாக்டரிடம் சொல்லி அன்றைக்கே மாற்றலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியுமா? வாரக்கணக்கில் உடம்பிலேயே இருக்கும். அதனால்தான் முதலில் மாத்திரையாகக் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

அப்புறம் அந்தக் 'கட்டாயம்'. இந்தியாவின் 2017 மனநலச் சட்டப்படி, தானாக வந்து சேர்கிற நோயாளிக்கு அவர் சம்மதம் இல்லாமல் சிகிச்சை தரக் கூடாது, ஊசியும் அதில் அடக்கம். மீறினால் மனநல மறுஆய்வு வாரியத்தில் புகார் கொடுக்கலாம்.