மார்க்கண்டேயத் தவளையும் மண்டபம் நிறைந்த சிரிப்பும்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோத் துண்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்துவிட்டது. கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். "இதில கேள்வி கேக்கிறது நீதானே?" என்று மச்சாள் வேறு. ஓம், நான்தான்.

பார்க்காதவர்கள் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கே பகிர்ந்து அதற்கு இன்னும் விளம்பரம் கொடுக்க மாட்டேன். பேச்சாளர் ஐயா சொன்னதன் சாரம் இது: 1853இல் பெயர் வைத்த தவளை ஒன்று அழிந்துவிட்டது என்றார்கள், 2009இல் அது எழும்பி வந்துவிட்டது, இது மார்க்கண்டேயத் தவளை, இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று சொல்லும் இந்த உயிரியல் ஆய்வாளர்களை நம்பியா நாங்கள் வீதி போடுவதை நிறுத்துவது?

மண்டபமே குலுங்கியது. பகிடி நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். அந்தத் தவளை தானாக நடந்து வந்து பொலிஸில் ஆஜராகவில்லை. சிவனொளிபாதமலைக் காட்டில் இரவிரவாக அட்டைக்கடி வாங்கித் தேடிய இலங்கை ஆய்வாளர்கள்தான் அதைக் கண்டார்கள். அதே காட்டில், 1876க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாத கண்டிக் குள்ளத் தேரையையும் அவர்கள்தான் கண்டார்கள். தவளையைக் கண்டது 2009இல், ஆய்விதழில் எழுதியது 2013இல். 'அழிந்துவிட்டது' என்று சொன்னதும் இந்தத் துறைதான், 'இல்லை, இருக்கிறது' என்று திருத்தியதும் இந்தத் துறைதான். பகிடி விட்டவர்கள் யாரும் டோர்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனதாக எனக்குத் தெரியாது.

மாற்றிச் சொல்வது பொய் சொல்வது அல்ல. இந்த ஒன்றைத்தான் அன்று மைக்கில் சொல்ல வந்தேன், சொல்ல விடவில்லை.

எங்கள் அப்பா ஏ.எல். விலங்கியல் படிப்பித்தவர். அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், அதுதான் இன்னும் கூடச் சுட்டது. அவருடைய ரோனியோ நோட்ஸில் அச்சைவிடச் சிவப்புப் பேனாக் கோடுகள்தான் அதிகம். இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கியபோது ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். 2004இல் விஷயம் வெளியே வந்தது: மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற வலிமருந்து. அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்து போகிறது. அப்பா அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கவாட்டில் புதிதாக எழுதினார். ஒரு பிள்ளையின் தாய் வீடு தேடி வந்து, "சேர், போன வருசம் மூத்தவனுக்கு வேற சொன்னீங்களாம்" என்று சண்டை. அப்பா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் அந்த மருந்தைக் கால்நடைக்குக் கொடுப்பதைத் தடை செய்தன. சொன்னதை மாற்றக்கூடாது என்று எல்லாரும் 'தொற்றுநோய்' என்றே நின்றிருந்தால், மருந்துக் கடையைப் போய்ப் பார்த்திருப்பார்களா?

இப்போது வரப்போகும் கமெண்டுகளுக்கு.

'நீ என்ன விஞ்ஞானியா?' இல்லை. கொள்ளுப்பிட்டியில் கணக்குப் பார்க்கிறேன். அவரும்தான் விஞ்ஞானி இல்லை, அவரிடம் யாரும் இதைக் கேட்கவில்லையே.

'அப்படியென்றால் உறுதி தெரியாமல் ஏன் அழிந்தது என்று அறிவிக்க வேண்டும்?' இது நியாயமான கேள்வி. அவசரப்பட்டால் நட்டம் அந்த உயிருக்குத்தான். பிலிப்பைன்ஸின் செபுத் தீவில் காடெல்லாம் போய்விட்டது, மலர்கொத்திக் குருவியும் போய்விட்டது என்று கைவிட்டார்கள். 1992இல் மிச்சமிருந்த துண்டுக் காட்டில் அது பறந்தது. இல்லாத குருவிக்காக எவன் காட்டைக் காப்பான்? அதனால்தான் இன்று அழியும் உயிர்களுக்குச் சிவப்புப் பட்டியல் போடுகிறவர்கள், கடைசி உயிரும் செத்ததில் நியாயமான சந்தேகம் எதுவும் இல்லாதபோதுதான் 'அழிந்தது' என்ற முத்திரையைக் குத்துகிறார்கள். குத்தியபின் தேடுவதையும் நிறுத்துவதில்லை. கம்பஹா பக்கம் தரலுவவில் நின்ற மரம் நினைவிருக்கிறதா? 2012இல் நம் நாட்டுப் பட்டியலில் அழிந்தது என்று போட்ட இனம், 2019இல் அகப்பட்டது. அன்று தெரிந்திருந்தது அந்த ஒற்றை மரம்தான். 2021இல் அதிவேக வீதிக்காக அதையும் தறிக்கப் பார்த்தார்கள். ஐயாவின் வாதப்படி அது பிழைத்து வந்ததே தறிப்பதற்கான காரணம்.

'பார்த்தாயா, அப்ப எதுவுமே அழிவதில்லை' என்பவர்களுக்கு: இந்த எண்ணம் உங்களுக்கு முன்பே பெரிய மனிதர்களுக்கு இருந்தது. படைத்தவன் படைத்த எதுவும் ஒழியாது என்று படித்தவர்களே நம்பினார்கள். 1796இல் பாரிஸில் குவியே என்ற விஞ்ஞானி எங்கள் இலங்கை யானையின் மண்டையோட்டையும் ஆபிரிக்க யானையின் மண்டையோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் வேறு இனம். சைபீரியாவில் தோண்டியெடுத்த மாமத் என்ற பழங்கால யானையோ இரண்டிலும் சேராது. அப்படியொரு மிருகம் இன்று உலகில் இல்லை என்றார். அமெரிக்காவில், பின்னாளில் ஜனாதிபதியான ஜெஃபர்சனோ அது மேற்கே எங்கேயோ உலாவுகிறது என்ற நம்பிக்கையை விடவில்லை. வெள்ளவத்தையில் பேசியிருந்தால் அவருக்கும் கைதட்டு விழுந்திருக்கும்.

இன்னொன்று. உலகில் அழிந்ததாகப் பதிவான தவளை, தேரை இனங்களில் பாதிக்குக் கிட்ட இந்தச் சின்னத் தீவினுடையவை. திரும்பி வந்தவை கைவிரலுக்குள் அடங்கும். வந்ததை வைத்துப் பகிடி விட்டவர் வராததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வந்தவையும் மிச்சமிருக்கும் காட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

'தவளை இருந்தால் என்ன, போனால் என்ன' என்பவர்களுக்குப் பதில் எழுத இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. நுளம்பைக் கேளுங்கள்.

சரி, வீடியோவில் வெட்டிவிட்ட பகுதிக்கு வருகிறேன். நான் மைக்கைப் பிடித்தவுடன் அவர் சொன்னார்: "தங்கச்சி, மனுசர் காணாமல் போன நாட்டில தவளைக்கு அழுகிறீங்களே." அதற்கும் கைதட்டினார்கள்.

எங்கள் வீட்டில் சித்தப்பாவின் படம் இருக்கிறது. 1990இல் காணாமல் போனவர். அப்பம்மா இருக்கும்வரை அந்தப் படத்துக்கு மாலை போட விடவில்லை, அப்பம்மா போன பிறகு போட எங்களுக்கு மனம் வரவில்லை. இதைத் தவளையோடு சேர்த்துப் பேசும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. சேர்த்தவர் அவர். அதுவும் ஒரு கைதட்டலுக்காக. மனிதருக்காக அழுகிறவருக்கு வேறு எதையும் பார்க்கக் கண் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நாங்கள் தமிழர் என்றால் எங்களுக்கு ஒரேயொரு துக்கம்தான் அனுமதியா? ஒற்றைத் தவளைக்காக மழையில் நிற்பது மற்றவர்களுடைய வேலை, நாங்கள் மண்டபத்தில் இருந்து சிரிக்க வேண்டும், அப்படியா?

2018இல் கொழும்பு ஈரநில நகரம் என்று உலக அளவில் அங்கீகாரம் வாங்கியபோது இதே குழுவில்தான் எல்லாரும் தலங்கம வாவியோடு செல்ஃபி போட்டீர்கள். அதே ஈரநிலத்தை லொறி லொறியாக மண் போட்டு நிரப்பிய காணியில் வீடு வாங்கி, வெள்ளம் வந்தால் அரசாங்கத்தைத் திட்டுவதும் நாங்கள்தான். நான் எங்கேயோ போகிறேன், தெரிகிறது. கோபம் வந்தால் இப்படித்தான்.

ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்து தவளையைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அரை மணித்தியாலம் போதும். தமிழ் தெரியாதவர் என்றால் மொழிபெயர்க்க நான் வருகிறேன். தேத்தண்ணிக்கும் வடைக்கும் காசும் நானே தருகிறேன். ஐயாவுக்கு முன்வரிசையில் ஓர் இடம் போட்டு வையுங்கள்.